வீட்டு மொழியில் தொடங்கிப் பள்ளி மொழிக்கு: மதுரை வட்டாரத் தொடக்கப் பள்ளிகளுக்கான முழு வழிகாட்டி

மதுரை மாவட்டத்தில் எந்தத் தொடக்கப் பள்ளியின் சேர்க்கைப் பதிவேட்டைப் புரட்டினாலும் ‘தாய்மொழி’ என்ற கட்டத்தில் வரிசையாகத் ‘தமிழ்’ என்றுதான் இருக்கும். வகுப்புக்குள் போய் உட்கார்ந்தால் நிலைமை வேறு. முனிச்சாலை, கைத்தறி நகர்ப் பக்கம் வீட்டில் சௌராஷ்டிரம் பேசும் பிள்ளைகள் இருப்பார்கள். பேரையூர், திருமங்கலம் பக்கத்துக் கிராமங்களில் தெலுங்கு. பக்கத்துத் தேனி மாவட்டத்தில் போடி, கம்பம் பக்கம் போனால் கன்னடம். கட்டட வேலைக்கும் செங்கல் சூளைக்கும் வந்த குடும்பங்களின் பிள்ளைகளுக்கு இந்தி, போஜ்புரி, ஒடியா. இவர்கள் எல்லாரையும்விட எண்ணிக்கையில் பெரிய கூட்டம் இன்னொன்று: வீட்டில் தமிழ் மட்டுமே பேசிவிட்டு ஆங்கில வழிப் பிரிவில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகள். அரசுப் பள்ளிகளிலும் 2012-13 முதல் ஆங்கில வழிப் பிரிவுகள் பரவலாக வந்துவிட்டன. ஆகவே இது தனியார் பள்ளிகளின் சிக்கல் மட்டும் இல்லை.

ஒன்று முதல் ஐந்து வரை பாடம் எடுக்கும் ஆசிரியர்களை மனதில் வைத்து இதை எழுதியிருக்கிறோம். பெற்றோர் கூட்டத்தில் என்ன சொல்வது என்பதும் கடைசிப் பக்கம் இருக்கிறது.

ஏன் வீட்டு மொழியில் தொடங்க வேண்டும்

வாசிப்பு என்பது ஒருவர் ஒருமுறைதான் கற்கும் திறன். கோடுகள் ஒலியைக் குறிக்கின்றன, ஒலிகளைச் சேர்த்தால் சொல் வரும், அந்தச் சொல்லுக்குப் பொருள் இருக்கிறது என்ற மூன்றும் மூளையில் பதிந்துவிட்டால், அடுத்த மொழிக்கு எழுத்தை மட்டும் மாற்றிக்கொண்டால் போதும். தெரியாத மொழியில் இதைத் தொடங்கினால் மூன்றாவது நடக்கவே நடக்காது. பிள்ளை எழுத்துக்கூட்டிச் சரியாகச் சொல்லும். சொன்னது என்னவென்று அதற்குத் தெரியாது. நான்காம் வகுப்பில் ஆங்கிலப் பாடத்தை மடமடவென்று வாசித்துவிட்டு ஒரு கேள்விக்கும் பதில் சொல்லாத பிள்ளைகள் இப்படி வந்தவர்கள்தான்.

கனடா ஆய்வாளர் ஜிம் கம்மின்ஸ் 1979-ல் ஒரு வேறுபாட்டைப் பிரித்துக் காட்டினார். விளையாட்டிலும் கடையிலும் பேசும் மொழியை ஒரு பிள்ளை இரண்டு வருடம் போலப் பழகினால் பிடித்துவிடும். பாடப் புத்தகத்தின் மொழி கைவர ஐந்து முதல் ஏழு வருடம் ஆகும். ‘நல்லா இங்கிலீஷ் பேசுறானே, பரிட்சையில ஏன் எழுத மாட்டேங்கிறான்’ என்ற கேள்விக்குப் பதில் இதில் இருக்கிறது. நைஜீரியாவின் இலே-இஃபே நகரில் 1970-ல் தொடங்கிய திட்டத்தில் ஆறு வருடத் தொடக்கக் கல்வி முழுவதையும் யொரூபா மொழியில் நடத்தி, ஆங்கிலத்தைத் தனிப் பாடமாக, அதற்கென்று பயிற்சி பெற்ற ஆசிரியரை வைத்து எடுத்தார்கள். அந்தப் பிள்ளைகள் ஆங்கிலத்திலும் பின்தங்கவில்லை.

சட்டத்தின் துணையும் உண்டு. 2009-ன் கல்வி உரிமைச் சட்டம் 29-ஆம் பிரிவில், பயிற்று மொழி இயன்றவரை பிள்ளையின் தாய்மொழியாக இருக்க வேண்டும் என்கிறது. அரசியல் சட்டத்தின் 350-அ பிரிவு மொழிச் சிறுபான்மைப் பிள்ளைகளுக்குத் தொடக்க நிலையில் தாய்மொழிக் கல்வி வசதி பற்றிப் பேசுகிறது. தமிழ்நாட்டில் 2006-ன் தமிழ் கற்றல் சட்டப்படி எல்லாப் பள்ளிகளிலும் தமிழ் கட்டாயப் பாடம். ‘ஆங்கில வழி’ என்று பெயர் வைத்துவிட்டதால் வகுப்பில் தமிழில் விளக்கக் கூடாது என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. தமிழில் பேசியதற்கு அபராதம் வாங்கும் வழக்கத்தை உடனே நிறுத்துங்கள். அது கற்றுக்கொடுக்கும் ஒரே பாடம், வாயை மூடிக்கொண்டிருப்பது.

படி 1: வகுப்பின் மொழிக் கணக்கு

ஜூனில் பள்ளி திறந்த முதல் இரண்டு வாரத்துக்குள் இதை முடித்துவிடுங்கள். ‘உங்க தாய்மொழி என்ன’ என்று பெற்றோரிடம் கேட்காதீர்கள். எதைச் சொன்னால் பள்ளிக்குப் பிடிக்குமோ அதைத்தான் சொல்வார்கள். கேட்க வேண்டியவை நான்கு: பகலில் பிள்ளையைப் பார்த்துக்கொள்வது யார்? அவர் பிள்ளையிடம் என்ன பேசுவார்? அண்ணன் தங்கை சண்டை போடும்போது என்ன மொழி? பிள்ளை தூக்கத்தில் உளறினால் எதில் உளறும்? கடைசிக் கேள்விக்குச் சிரிப்பார்கள். ஆனால் உண்மையான பதில் அதில்தான் வரும்.

அடுத்து பிள்ளையிடம் பத்துக் கட்டளைகள். கையைக் காட்டாமல், ஜாடை செய்யாமல், வாயால் மட்டும் சொல்லுங்கள். எளிதில் தொடங்கி ஏற வேண்டும்: ‘எந்திரி’, ‘பையத் திற’, ‘அங்கிட்டுப் போயி சாக்பீஸ எடுத்துட்டு வா’, ‘சிவப்புப் பென்சில எடுத்து நாற்காலிக்கு அடியில வையி’, ‘நான் கைதட்டுனதுக்கு அப்புறம் உக்காரு’. எட்டோ அதற்கு மேலோ செய்தால் அந்த மொழியில் எழுத்தைத் தொடங்கலாம். நான்கு முதல் ஏழு என்றால் எழுத்தோடு பேச்சுப் பயிற்சியும் சேர வேண்டும். மூன்றோ அதற்குக் கீழோ என்றால் எழுத்தைத் தள்ளி வைத்துவிட்டுப் பேச்சில்தான் தொடங்க வேண்டும். ஆங்கில வழிப் பிரிவில் இதே பத்தை ஆங்கிலத்திலும் சொல்லிப் பாருங்கள். பெரும்பாலான ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் மூன்றைத் தாண்ட மாட்டார்கள். அந்த எண்ணைத் தலைமையாசிரியரிடம் காட்டிவிட்டுப் பேசினால் பேச்சு சுலபமாகும்.

சௌராஷ்டிரம், தெலுங்கு பேசும் வீட்டுப் பிள்ளைகளில் பலர் ஐந்து வயதுக்குள் தெருவிலேயே தமிழ் பிடித்திருப்பார்கள். வீட்டு மொழி வேறு என்பதால் தமிழ் தெரியாது என்று முடிவுகட்டிவிடக் கூடாது. வாய் திறக்கவில்லை என்பதால் தெரியாது என்றும் சொல்ல முடியாது. அதனால்தான் பதில் சொல்லச் சொல்லாமல் செய்யச் சொல்கிறோம்.

படி 2: பேச்சு நேரம்

நாளுக்கு இருபது நிமிடம், ஒன்று இரண்டு வகுப்புகளில் தவறாமல். பிள்ளை எந்த மொழியில் பேசினாலும் சரி. 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கிய காலை உணவுத் திட்டம் இதற்குத் தோதான நேரத்தைத் தந்திருக்கிறது. பொங்கலும் கிச்சடியும் சாப்பிட்டு முடித்த பிள்ளைகள் தாமாகவே பேசுவார்கள். ‘இன்னைக்கு என்ன சாப்பிட்டீங்க, வீட்டுல இத எப்படிச் செய்வாங்க’ என்பதில் ஆரம்பிக்கலாம்.

தமிழ் வீட்டுப் பிள்ளைகளுக்கும் ஒரு தாண்டல் உண்டு. அவர்கள் வீட்டில் பேசுவது ‘வந்தாய்ங்க, போயிட்டாய்ங்க, இங்கிட்டு’. புத்தகத்தில் இருப்பது ‘வந்தார்கள், சென்றுவிட்டார்கள், இங்கே’. முதல் பருவத்தில் பேச்சைத் திருத்தாதீர்கள். பிள்ளை ‘மாடு ஓடிருச்சு’ என்றால், ‘ஆமா, மாடு ஓடிவிட்டது’ என்று நீங்கள் திருப்பிச் சொன்னால் போதும். ‘அப்படிச் சொல்லாத, இப்படிச் சொல்லு’ என்று ஆரம்பித்தால் அடுத்த நாள் அந்தப் பிள்ளை பேசாது.

படி 3: எழுத்து வரிசை

தமிழுக்கு 12 உயிர், 18 மெய், 216 உயிர்மெய், ஓர் ஆய்தம், ஆக 247 எழுத்து. அ, ஆ, இ, ஈ என்று தொடங்கினால் முதல் மாதம் முழுவதும் பிள்ளையால் ஒரு சொல்லைக்கூட வாசிக்க முடியாது. முதல் நாளிலிருந்தே சொல் வரவேண்டும் என்றால் சில எழுத்துகளைப் பொறுக்கி எடுக்க வேண்டும்.

முதல் தொகுதி: ப, ட, ம, கூடவே புள்ளியும் துணைக்காலும். இந்த ஐந்தை வைத்துக்கொண்டு படம், மடம், பட்டம், மட்டம், பாடம், மாடம், பாப்பா, மாமா எல்லாம் வந்துவிடும். இரண்டு வாரம் எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டாம் தொகுதி க, ர, இகரக் கொக்கி: மரம், காகம், கரடி, படி, மாடி, பாட்டி, பாரம். ‘பாட்டி மாடிப்படி’ என்று பிள்ளையே இரண்டு சொல்லைச் சேர்க்கும் நாள் வந்தால் தொகுதி முடிந்தது என்று கொள்ளலாம். மூன்றாவது ல, வ, உகரம்: கால், வால், பாலம், குடம், பாட்டு, மாவு.

உகரத்தில் ஆசிரியர்களே கவனிக்காத சங்கடம் ஒன்று. அந்தக் குறி எல்லா எழுத்திலும் ஒன்றுபோல ஒட்டாது. கு, டு, மு, ரு, ழு, ளு ஒரு வடிவம். ஙு, சு, பு, யு, வு இன்னொரு வடிவம். ஞு, ணு, து, நு, லு, று, னு மூன்றாவது. மூன்று கட்டாகப் பிரித்து, ஒரு கட்டு பழகிய பிறகே அடுத்ததற்குப் போங்கள். மொத்தமாக ‘உகர வரிசை’ என்று பலகையில் எழுதிப்போட்டால் பிள்ளை பதினெட்டையும் பதினெட்டுப் படமாக மனப்பாடம் செய்யும்.

ஒற்றைக்கொம்பு, இரட்டைக்கொம்பு, ஐகாரக் குறி மூன்றும் கடைசியில் வரட்டும். எழுதும்போது முன்னால் வந்து, ஒலிக்கும்போது பின்னால் போவதால் பிள்ளை தடுமாறும். ‘கொ’, ‘கோ’ இரண்டு பக்கமும் பிரிவதால் அதற்கும் பிறகு. வாரத்துக்கு ஐந்து நாளும் முப்பது நிமிடம் ஒதுக்கினால் பொங்கல் விடுமுறைக்குள் பெரும்பாலான உயிர்மெய்களைத் தொட்டுவிடலாம்.

அரசின் எண்ணும் எழுத்தும் திட்டத்தில் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்து வைத்திருக்கும் வகுப்புகளில் இந்த வரிசையைத் தொடக்கமான அரும்பு நிலைக்கு வைத்துக்கொள்ளலாம். அங்கே கண்ணில் படும் பிழை: கூட்டு வாசிப்பு. முப்பது பேர் சேர்ந்து கத்தும்போது பத்துப் பேர் வாசிக்கிறார்கள், இருபது பேர் எதிரொலிக்கிறார்கள். நாளுக்கு ஐந்து பிள்ளைகளைத் தனியாக அழைத்து, ஆளுக்கு ஒரு நிமிடம் வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். முப்பது பேரையும் ஆறு நாளில் கேட்டு முடித்துவிடலாம்.

படி 4: வகுப்பே செய்யும் பெரிய புத்தகம்

பிள்ளைகள் சொன்ன வாக்கியங்களை வைத்தே வாசிப்புப் புத்தகம் செய்வது செலவு குறைந்த, பலன் அதிகமான வேலை. வேண்டியது நான்கு சார்ட் பேப்பர், ஒரு கறுப்பு மார்க்கர், ஒரு கிரேயான் பெட்டி, தடித்த நூல். ஒவ்வொரு சார்ட்டையும் பாதியாக வெட்டினால் எட்டுப் பக்கம். பக்கத்துக்கு ஒரே வாக்கியம், நான்கைந்து சொல்லுக்கு மேல் வேண்டாம். எழுத்து குறைந்தது 4 செ.மீ. உயரம் இருந்தால்தான் கடைசி வரிசைக்குத் தெரியும். சொல்லுக்கும் சொல்லுக்கும் நடுவே இரண்டு விரல் இடைவெளி விடுங்கள். இடைவெளி குறைந்தால் சொல் எங்கே முடிகிறது என்று பிள்ளைக்குப் புலப்படாது.

பொருள் அவர்கள் ஊரிலிருந்தே வரட்டும்: வைகையில் தண்ணீர் வந்த நாள், சித்திரைத் திருவிழாவுக்குப் போனது, ஜிகர்தண்டா, வீட்டுத் தறி. ஒரு புத்தகத்தை ஒரு வாரம் வாசியுங்கள். திங்கள் நீங்கள் சுட்டுக்கோல் வைத்து வாசிப்பது, செவ்வாய் சேர்ந்து, புதன் சொல்லை மூடிவைத்து ஊகிப்பது, வியாழன் வாக்கியத்தைச் சொல் சொல்லாக வெட்டிக் கலைத்து அடுக்குவது, வெள்ளி தங்கள் நோட்டில் ஒரு வாக்கியம் எழுதுவது.

வேறு கதைகள் வேண்டுமென்றால் ஸ்டோரிவீவர் என்ற இணையதளத்தில் தமிழ், இந்தி, ஒடியா, தெலுங்கு எல்லாவற்றிலும் திறந்த உரிமத்தில் கதைகள் கிடைக்கும். ஒரே கதையை இரண்டு மொழியில் அச்செடுத்துக்கொள்ளலாம். புதுநத்தம் சாலையில் 2023-ல் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகத்தில் குழந்தைகள் பகுதி இருக்கிறது. வகுப்போடு ஒருமுறை போய் வரத் தகுந்த இடம்.

சௌராஷ்டிரத்துக்கென்று எழுத்து இருக்கிறது. டி. எம். ராம ராய் அதில் பாடநூல்கள் செய்தார். 2008-ல் அது யூனிகோடிலும் ஏறியது. ஆனாலும் ஆறு வயதுப் பிள்ளைக்கு அந்த எழுத்தைக் கற்பிப்பதில் முதல் வருடத்தைச் செலவழிப்பது தேவையில்லை என்பது எங்கள் கணிப்பு. வீட்டில் பாட்டிக்கே தமிழ் எழுத்துதான் பழக்கம். வாரம் ஒருநாள் ஒரு பாட்டியை அழைத்துவந்து சௌராஷ்டிரத்தில் கதை சொல்ல வையுங்கள். அதைத் தமிழ் எழுத்தில் எழுதும்போது, ஒரே ‘க’வால் பிரித்துக் காட்ட முடியாத வர்க்க ஒலிகளுக்குக் க², க³, க⁴ என்று எண் போடும் வழக்கம் உண்டு. அது ஆசிரியருக்குப் போதும். தெலுங்கு, கன்னடம், உருது, மலையாள வழிப் பாடநூல்களைத் தமிழ்நாடு பாடநூல் கழகம் அச்சிடுகிறது. தனி வகுப்பு நடத்த முடியாத பள்ளியிலும் ஒரு பிரதி வாங்கி நூலக மூலையில் வைக்கலாம்.

படி 5: ஆங்கிலம், முதலில் காது, பிறகு கண்

தமிழில் வாசிப்பு ஓடத் தொடங்கும்வரை ஆங்கிலம் வாய்மொழியாகவே நடக்கட்டும். நாளுக்கு முப்பது நிமிடம், புதுச் சொல் ஐந்து முதல் ஏழு. நீங்கள் சொல்லிச் செய்து காட்ட, பிள்ளைகள் செய்ய வேண்டும். இரண்டு வாரம் கழித்து அவர்கள் சொல்ல, மற்றவர்கள் செய்வார்கள். உடனே பேசச் சொல்லி நெருக்க வேண்டாம்.

வாசிப்புக்கு வரும்போது தமிழ் வாசகர் தடுக்கி விழும் இடம் ஒன்று. தமிழில் எழுத்தின் பெயரும் ஒலியும் ஒன்றே. ‘ப’ என்ற எழுத்து ‘ப’ என்றே ஒலிக்கும். ஆங்கிலத்தில் பி, ஏ, டி என்று பெயரைச் சேர்த்தால் சொல் வராது. எனவே எழுத்தின் பெயரைத் தள்ளிவைத்து ஒலியில் தொடங்குங்கள். எஸ், ஏ, டி, பி, ஐ, என் என்ற ஆறு எழுத்தின் ஒலிகளை வைத்தே சிட், பின், டின், டேப், நேப் எல்லாம் வாசித்துவிடலாம். சொல்லின் தொடக்கத்தில் இரண்டு மெய் சேர்ந்து வருவதற்குத் தமிழ் நாக்கு ஓர் இகரத்தை முன்னால் ஒட்டும்: ‘இஸ்கூல்’. கேலி செய்யாமல், ‘ஸ்ஸ்ஸ்’ என்று இழுத்து அதிலிருந்து ‘கூல்’ என்று விழ வைத்தால் சரியாகிவிடும்.

ஆங்கிலப் பாட வரிக்கு மேல் பென்சிலால் தமிழில் உச்சரிப்பு எழுதிக்கொள்ளும் பழக்கம் ஏறக்குறைய எல்லாப் பள்ளிகளிலும் உண்டு. டியூஷனில் எழுதித் தருகிறார்கள். பிள்ளையின் கண் தமிழ் வரியை மட்டுமே பார்க்கும். கீழே இருக்கும் ஆங்கிலம் வெறும் அலங்காரம் ஆகிவிடும். அதோடு கிரிக்கெட் மட்டையும் ‘பேட்’, தட்டிக்கொடுப்பதும் ‘பேட்’. சுழலும் விசிறியும் ‘பேன்’, தோசை சுடும் சட்டியும் ‘பேன்’. ஆங்கிலத்தில் வெவ்வேறாக ஒலிக்கும் சொற்கள் தமிழ் எழுத்தில் ஒன்றாகிவிடும். பொருளை வேண்டுமானால் ஓரத்தில் தமிழில் எழுதட்டும், உச்சரிப்பை எழுத விடாதீர்கள்.

படி 6: ஆங்கில வழிப் பிரிவில் ஒரு அறிவியல் பாடம்

பரவலாக நடப்பது, ஆசிரியர் ஓர் ஆங்கில வாக்கியம் வாசித்து உடனே அதைத் தமிழில் சொல்வது. நாற்பது நிமிடமும் இப்படியே ஓடும். பிள்ளைகள் கெட்டிக்காரர்கள், தமிழ் எப்படியும் வரும் என்று தெரிந்த பிறகு ஆங்கிலத்துக்குக் காது கொடுக்க மாட்டார்கள். மொழிகளைக் கலக்காமல் நேரத்தால் பிரிப்பதுதான் வழி: பன்னிரண்டு நிமிடம் தமிழ், பதினெட்டு ஆங்கிலம், பத்துத் தமிழ்.

நான்காம் வகுப்பில் நீர் ஆவியாவதை எடுத்துக்கொள்வோம். காலை 9.30-க்கு இரண்டு எவர்சில்வர் தட்டில் 50 மி.லி. தண்ணீர் ஊற்றி, ஒன்றை வெயிலிலும் ஒன்றை நிழலிலும் வையுங்கள். 11 மணிக்குப் பாடம். முதல் பன்னிரண்டு நிமிடம் தட்டுகளைப் பார்த்துத் தமிழில் பேச்சு. ‘தண்ணி எங்க போச்சு?’ ‘தட்டு குடிச்சிருச்சு’ என்று ஒரு பிள்ளை சொல்லும். எவர்சில்வர் குடிக்குமா என்று இன்னொன்று கேட்கும். ஈரச் சட்டை காய்வது, வைகை மணலில் தேங்கிய குட்டை சித்திரையில் வற்றுவது, இட்லிச் சட்டியின் ஆவி எல்லாம் வரும். காரணத்தைப் பிள்ளைகளே பிடித்துவிட்ட பிறகு பலகையில் ஐந்து ஆங்கிலச் சொல், ஐந்தே: வாட்டர், ஹீட், ஏர், ட்ரை, எவாப்பரேட்.

பிறகு முழுவதும் ஆங்கிலம். புத்தகப் பத்தியை வாசித்து, தட்டைக் காட்டி, சிறிய வாக்கியங்களில் கேள்வி. புரியாவிட்டால் மொழிபெயர்க்காதீர்கள், தட்டைக் காட்டுங்கள். பிள்ளை தமிழில் பதில் சொன்னால் ஏற்றுக்கொண்டு அதை ஆங்கிலத்தில் நீங்கள் திருப்பிச் சொல்லுங்கள். கடைசிப் பத்து நிமிடம் இரண்டிரண்டு பேராகத் தமிழில் பேசி, நோட்டில் இரண்டு ஆங்கில வாக்கியம் எழுத வேண்டும். வாக்கியத்தின் தொடக்கத்தைப் பலகையில் தந்துவிடுங்கள். மீதியை அவர்கள் முடிக்கட்டும்.

முதல் இரண்டு வாரம் தமிழ் நேரம் நீண்டுகொண்டே போகும், ஆங்கிலத்துக்கு ஐந்து நிமிடம்தான் மிஞ்சும். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து ஒரு பிள்ளை மணி அடிக்கும்படி ஏற்பாடு செய்தால் இது கட்டுக்குள் வரும்.

படி 7: எண்கள்

தமிழில் பதிமூன்று, இருபத்தொன்று எல்லாம் பத்தை முதலில் சொல்லும். ஆங்கிலத்தில் பதின்மூன்று முதல் பத்தொன்பது வரை ஒன்றின் இடம் முன்னால் வருவதால் ‘தர்ட்டீன்’, ‘தர்ட்டி’ குழம்பும். 13-ஐ 31 என்று எழுதுவார்கள். இந்த ஏழு எண்ணுக்கு மட்டும் ஒரு வாரம் தனியாகக் கொடுங்கள். தமிழில் கவனிக்க வேண்டியது தொண்ணூறும் தொள்ளாயிரமும். எண்பத்தொன்பதுக்குப் பிறகு ‘ஒன்பது’ என்று தொடங்கும் ஏதோவொன்றைப் பிள்ளை எதிர்பார்க்கும். இந்தியில் நூறு வரை ஏறக்குறைய ஒவ்வொரு எண்ணும் தனிச் சொல். 29 ‘உன்தீஸ்’, 39 ‘உன்தாலீஸ்’ என்று அடுத்த பத்திலிருந்து பின்னோக்கிச் சொல்வார்கள். அங்கிருந்து வரும் பிள்ளைக்குத் தமிழ் எண்கள் சீக்கிரம் பிடிபடும். முதல் வெற்றியை அந்தப் பிள்ளைக்குக் கணக்கில் கொடுங்கள்.

படி 8: தமிழே தெரியாமல் வரும் பிள்ளை

சூளை வேலை நடக்கும் மாதங்களில், வருடத்தின் நடுவில் வந்து சேரும் பிள்ளைகள் இவர்கள். மாற்றுச் சான்றிதழோ வயதுச் சான்றோ இல்லை என்று திருப்பி அனுப்பக் கூடாது. கல்வி உரிமைச் சட்டம் வயதுக்கேற்ற வகுப்பில் சேர்க்கச் சொல்கிறது, கூடவே சிறப்புப் பயிற்சியும் தரச் சொல்கிறது. ஒன்பது வயதுப் பிள்ளையை ஒன்றாம் வகுப்பில் உட்கார வைத்தால் ஒரு மாதத்தில் நின்றுவிடும்.

முதல் நாள் பத்து வாக்கியம்: தண்ணி வேணும், பாத்ரூம் போகணும், புரியல, வலிக்குது, எம் பேரு… இப்படி. இவற்றைப் படத்தோடு அட்டையில் எழுதிக் கொடுங்கள். பக்கத்தில் பேசத் தயங்காத ஒரு பிள்ளையை உட்கார வையுங்கள், வாரம் ஒருவராக மாற்றி. இந்தி தெரிந்த ஒரே பிள்ளையை நிரந்தர மொழிபெயர்ப்பாளர் ஆக்கினால் இரண்டு பேர் படிப்பும் கெடும்.

பிள்ளை ஏற்கெனவே தேவநாகரி வாசிக்குமா என்று பாருங்கள். வாசிக்கும் என்றால் உங்கள் வேலை பாதி முடிந்தது. இந்தி இகரக் குறி எழுத்துக்கு முன்னால் வருவதால் தமிழின் ஒற்றைக்கொம்பு அதற்குப் புதுமை இல்லை. ஆனால் இந்தியில் நான்கு எழுத்தில் எழுதும் க வரிசை இங்கே ஒரே ‘க’. எப்போது வல்லொலி, எப்போது மெல்லொலி என்று பிள்ளை கேட்கும். சொல் முதலிலும் இரட்டித்தாலும் வல்லொலி (படம், பக்கம்). மெல்லெழுத்தை அடுத்தும் உயிர்களுக்கு நடுவிலும் மெல்லொலி (கம்பம், பாடம்) என்ற விதி பெரும்பாலான சொற்களுக்குப் பொருந்தும். குறில் எகரமும் ஒகரமும் இந்தியில் தனியாக இல்லாததால் கொடு–கோடு, எடு–ஏடு ஒன்றாகக் கேட்கும். இந்தச் சோடிகளைக் காதால் பிரிக்கும் விளையாட்டு நாளுக்கு ஐந்து நிமிடம் போதும். ழ, ற புது ஒலிகள். ள இந்திப் பிள்ளைக்குக் கடினம். ஒடியாவில் அது இருப்பதால் ஒடியாப் பிள்ளை சட்டென்று சொல்லிவிடும். இந்தியில் ‘அவன்’, ‘அவள்’ இரண்டுக்கும் ஒரே சொல் என்பதால் தமிழில் மாற்றிப் போடும். வகுப்பு சிரிக்கும். சிரிப்பை நிறுத்துவது உங்கள் பொறுப்பு. பிழை தானாகச் சரியாகும்.

எழுத்து தெரியாத பிள்ளை என்றால் எட்டு வாரம் பேச்சு, அதன் பிறகே படி 3.

படி 9: சோதித்துப் பார்த்தல்

மாதம் ஒருமுறை போதும். பாடப் புத்தகத்தில் இல்லாத, நாற்பது சொல் கொண்ட ஒரு பத்தி. தனியாக வாசிக்கச் சொல்லி, தவறிய சொற்களை எண்ணுங்கள். நாற்பதில் இரண்டுக்குள் தவறு என்றால் அந்த நிலைப் புத்தகத்தைத் தானே வாசிக்கும். மூன்று, நான்கு என்றால் உதவியோடு வாசிக்கும். அதற்கு மேல் என்றால் பத்தி கடினம், கீழே இறங்குங்கள். பிறகு மூன்று கேள்வி. ஒன்று ‘ஏன்’ என்பதாக இருக்கட்டும். ஆங்கிலப் பத்திக்குத் தமிழில் பதில் சொன்னாலும் மதிப்பெண் உண்டு, ஏனென்றால் இங்கே சோதிப்பது புரிதலை. வேகமாக வாசித்து மூன்று கேள்விக்கும் விழிக்கும் பிள்ளையைத்தான் முதலில் கவனிக்க வேண்டும். அது வழக்கமாக ‘நல்லாப் படிக்கிற பிள்ளை’ பட்டியலில் ஒளிந்திருக்கும்.

படி 10: பெற்றோர் கூட்டம்

‘வீட்டுல இங்கிலீஷ்ல பேசுங்க’ என்று சொல்லி அனுப்பாதீர்கள். ஆங்கிலம் சரளமாக வராத அம்மா பிள்ளையோடு பேசுவதையே குறைத்துக்கொள்வார். பதிலாக மூன்று வேலை கொடுங்கள்: இரவு பத்து நிமிடம் எந்த மொழியிலாவது ஒரு கதை, ‘இன்னைக்கு என்ன படிச்ச, சொல்லு பாப்போம்’ என்று வீட்டு மொழியில் ஒரு கேள்வி, வாரம் ஒருமுறை பிள்ளை கொண்டுவரும் புத்தகத்தை மடியில் வைத்துப் பார்ப்பது. அப்பத்தாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாவிட்டாலும் இந்த மூன்றில் இரண்டை அவரே செய்யலாம்.

‘தமிழ்லயே விளக்குனா இங்கிலீஷ் எப்ப வரும் டீச்சர்’ என்ற கேள்வி கட்டாயம் வரும். வாதாட வேண்டாம். ஒரு பிள்ளையை அழைத்து ஆங்கிலப் பத்தியை வாசிக்கவைத்து, அதில் என்ன இருக்கிறது என்று தமிழில் சொல்லச் சொல்லுங்கள். பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோர்தான். அங்கேயும் இதையே செய்து காட்டினால் சார்ட்டுக்கும் அச்சுக்கும் பணம் கேட்பது எளிதாகும்.

மூன்றாம் வகுப்போடு இதையெல்லாம் நிறுத்தும் பள்ளிகள் நிறைய. நான்காம் வகுப்பில்தான் பாடப் பத்திகள் நீள்கின்றன, பிள்ளைகள் சரிகிறார்கள். படி 6 ஐந்தாம் வகுப்பு முடியும்வரை ஓட வேண்டும்.

ஏப்ரலில் அடுத்த ஆசிரியருக்கு ஒரு நோட்டு கைமாற வேண்டும். பிள்ளைக்கு ஒரு வரி: வீட்டில் பேசும் மொழி, ஜூனில் பத்துக்கு எத்தனை கட்டளை, ஏப்ரலில் எத்தனை, தமிழ் வாசிப்பு எந்தத் தொகுதி, ஆங்கிலத்தில் எத்தனை ஒலி, எதில் தடுமாறுகிறது. வருடத்தின் நடுவில் ஊருக்குத் திரும்பும் சூளைப் பிள்ளையின் கையிலும் இந்த வரியை ஒரு தாளில், முடிந்தால் இந்தியிலோ ஒடியாவிலோ யாரையாவது எழுதவைத்து, எமிஸ் எண்ணோடு (கல்வித் துறையின் மாணவர் பதிவு எண்) கொடுத்து அனுப்புங்கள்.